அடுப்பில் உறங்கிய பூனை

'அடுப்பில் பூனை உறங்குகிறது' என்பது வறுமையைச் சொல்ல நம் மொழி வைத்திருக்கும் மிகச் சுருக்கமான தொடர்களுள் ஒன்று. உலை வைக்காத வீட்டில் அடுப்பு ஆறிக் கிடக்கும். ஆறிய அடுப்பில் பூனை வந்து சுருண்டுகொள்ளும். மேடைப் பேச்சாளர்கள் முதல் கவிஞர்கள் வரை பலரும் இதனை எடுத்தாண்டு தேய்த்துவிட்டார்கள். எல்லோர் கண்ணிலும் பட்டது அடுப்புத்தான். பூனை ஏன் அங்கே போய்ப் படுத்தது என்று கேட்டவர்கள் குறைவு. முந்தின வேளை எரிந்த விறகின் சாம்பல் மெத்தென்று இருக்கும். களிமண் அடுப்பின் சுவர் வாங்கிய சூட்டை நெடுநேரம் விடாது வைத்திருக்கும். மார்கழி இரவில் ஒரு வீட்டுக்குள் அதைவிட நல்ல இடம் வேறில்லை. நண்பகலில் அடுப்பில் பூனை உறங்கினால் அது வீட்டின் வறுமை. நள்ளிரவில் உறங்கினால் அது பூனையின் செல்வம். நம் தொடர் முதலாவதை மட்டும் பார்த்தது.

இப்போது இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. செங்கத்திலும் அதனைச் சுற்றிய சிற்றூர்களிலும் அந்த அடுப்பு ஏறக்குறையப் போய்விட்டது. 2007இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது; 2016இல் நடுவணரசின் உஜ்வலா திட்டம் வந்தது. புகையில் இருமி இருமிக் கண் கெட்ட பெண்களுக்கு அது பெரிய விடுதலை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. மண் அடுப்புக்காக ஏங்கி எழுதும் ஆண்களின் கட்டுரைகளில் இதனையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டாம். ஆனால் எரிவாயு அடுப்பு அணைத்த சில நிமிடங்களில் சில்லிட்டுப் போகும். அதன்மேல் பூனை படுக்காது. படுக்க வந்தாலும் விரட்டுவார்கள். அடுப்போடு சேர்ந்து கூரையும் மாறியது. விழல் வேய்ந்த கூரை, ஓட்டுக்கடியில் பரண், மூலையில் குதிர், கொல்லையில் வைக்கோற்போர் என்று பூனைக்கு இருந்த கதகதப்பான இடங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து, காரைத் தளமும் சுண்ணமடித்த சுவரும் ஓடு பதித்த தரையும் மிஞ்சியிருக்கின்றன. பகலில் காய்ந்து இரவில் ஈரம் கோக்கும் தளம் அது. பூனையை யாரும் வீட்டை விட்டுத் துரத்தவில்லை. வீடு தானாகவே பூனைக்கு ஆகாததாக மாறிவிட்டது.

எடுத்துக்கொண்ட இடத்துக்கு ஈடாக ஓர் இடம் கொடுப்பது கடன் என்பது எங்கள் கருத்து. இதனைக் கருணை என்று சொல்லத் தேவையில்லை. கணக்குத் தீர்த்தல் என்றே சொல்லலாம்.

'தமிழ்நாட்டில் குளிராவது' என்று கடற்கரை நகரங்களில் இருப்பவர்கள் சிரிக்கக்கூடும். செங்கம் சேயாற்றங்கரையில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போய்த் திரும்பும் இரவில் முக்காடு போடத் தொடங்கும் ஊர், தை முடியும்வரை அதனைக் கழற்றாது. மலைக்கு மேலே, சாமை விளையும் சரிவுகளிலும் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலும் குளிர் இன்னும் கடுமை. அடிவாரத்திலேயே விடிகாலையில் 15 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்கும் இரவுகள் உண்டு. ஐரோப்பியருக்கு அது இளவேனில். நமக்குக் கம்பளி. பூனைக்கு என்ன?

பூனையின் உடல்வெப்பம் 38 டிகிரிக்கும் 39 டிகிரிக்கும் இடைப்பட்டது. நம்முடையதைவிடச் சற்று மிகுதி. அதனினும் முக்கியமானது வேறொன்று. எந்த வெப்பநிலையில் ஓர் உயிர், தன்னைச் சூடாக்கிக்கொள்ளவோ குளிர்வித்துக்கொள்ளவோ கூடுதல் ஆற்றல் செலவிடாமல் இருக்கிறதோ, அந்த நிலை பூனைக்கு ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி வரை. ஆடையோடு இருக்கும் நமக்கு இதமான 25 டிகிரியிலேயே பூனையின் உடம்பு சூட்டுக்காக உழைக்கத் தொடங்கிவிடுகிறது. இதில் வியப்பில்லை. வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்காவையும் மேற்காசியாவையும் சேர்ந்த வறண்ட நிலக் காட்டுப் பூனைகள். சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழிக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர் வெளியிட்டார்கள். அத்தனை காலம் நம்மோடு இருந்தும், வெயில் நிலத்துக்குரிய உடம்பைப் பூனை மாற்றிக்கொள்ளவில்லை. நம் வீட்டில் மதிய வெயில் விழும் ஒரே ஒரு சதுரத்தைத் தேடிப் போய்ப் படுப்பதும், நாம் எழுந்த நாற்காலியில் மறு நொடியே ஏறிக்கொள்வதும் திமிரல்ல, தேவை.

*

செங்கத்தைப் பற்றி எழுதும்போது நடுகற்களைத் தொடாமல் போக முடியாது. 1972இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 'செங்கம் நடுகற்கள்' என்ற தொகுதியை வெளியிட்டது, இரா. நாகசாமி அதன் பதிப்பாசிரியர். அந்தக் கற்களில் நம் மனத்தை விட்டு நீங்காதது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தொறுப் பூசலில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்துபட்டான். அவனோடு இருந்த கோவிவன் என்னும் நாய், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. கல்லில் நாயின் உருவமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயரை நாம் அறிவோம். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கும் கல் உண்டு, போரிட்ட சேவல். பூனைக்கு அப்படியொரு கல் இருப்பதாக எங்கள் வாசிப்பில் அகப்படவில்லை.

பல்லவர்கள் பூனையைச் செதுக்காமலும் இல்லை. அதே ஏழாம் நூற்றாண்டில் உருவான மாமல்லபுரத்துப் பெரும்புடைப்புச் சிற்பத்தில், முன்னங்கால்களை மேலே தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்று நிற்கிறது. அதன் காலடியில் எலிகள் வழிபடுகின்றன. பொய்த்துறவிக்கு எடுத்துக்காட்டு. நாய்க்கு வீரக்கல், பூனைக்கு அங்கதம்! உருத்திராக்கப் பூனை என்று இன்றும் வசைபாட நமக்கு அது உதவுகிறது. வைணவர்கள் மட்டும் கொஞ்சம் நியாயமாக நடந்துகொண்டார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியையோ தாயே கவ்விச் செல்லும் என்று இறையருளுக்கு உவமை கண்டு, மார்ச்சால நியாயம் என்று அதற்குப் பெயரும் கொடுத்தார்கள். அதிலும் பெருமை தாய்ப்பூனையின் வாய்க்கே. வாசற்படியில் குட்டியோடு நிற்கும் பூனைக்கு இடம் விட்டார்களா என்பது வேறு கேள்வி.

இந்த வேறுபாடு வெறும் கலை வரலாறு அன்று. காத்து நிற்பதனால் நாய் நம்முடையதாகிறது. தன் காரியமாக எலி பிடிப்பதனால் பூனை யாருடையதுமாகாமல் போகிறது. செங்கத்தின் தெருக்களில் 'இது உங்கள் பூனையா' என்று கேட்டால் வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: 'இங்கேதான் சுத்திக்கிட்டு இருக்கும்.' அரிசி மூட்டைக்கு எலி வரும்போது அது நம் பூனை. ஈன்று நான்கு குட்டியோடு நிற்கும்போது அது பக்கத்து வீட்டுப் பூனை. குளிர்காலத்தில் இந்த இரண்டுங்கெட்டான் உறவின் விலையைக் கொடுப்பவை குட்டிகள்தாம்.

பழைய பாட்டிலும் பூனை வேலியோரத்து உயிராகவே வருகிறது. தொல்காப்பியர் வெருகைப் பூசை என்று வழங்குவதை ஏற்றுக்கொள்கிறார். வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்ற பெயரையும் மரபியலில் உரிமையாக்குகிறார். குறுந்தொகையில், தலைவனோடு உறங்கும் தன்னை எழுப்பிவிட்ட சேவலை, இல்லெலி பார்க்கும் வெருகுக் குட்டிக்கு இரையாகப் போ என்று சபிக்கிறாள் ஒருத்தி. ஒக்கூர் மாசாத்தியார் வெருகு சிரித்தாற்போன்ற முல்லை அரும்பைக் காட்டுகிறார்; இன்னொரு பாட்டில் வேலியோரம் வெருகினம் சூழ்ந்த மாலைப்பொழுதில் குஞ்சுகளைக் கூவியழைக்கும் கோழியைக் காட்டுகிறார். பெண்பாற் புலவரின் கண் அது. பூனையின் பல்லையும் கோழியின் பதைப்பையும் நாள்தோறும் பார்த்த கண். புறநானூற்றின் 326ஆம் பாட்டில், வெருகுக்கு அஞ்சி அலறும் இளம் பேடைக் கோழி, பருத்தி நூற்கும் பெண் ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில் தன் சேவலைக் கண்டு அமைதியடைகிறது. தமிழ்க் கவிதையில் நாங்கள் மிகவும் விரும்பும் இரவுக் காட்சிகளுள் அது ஒன்று. ஆனாலும் விளக்கின் வட்டத்துக்குள் கோழி இருக்கிறது; பெண் இருக்கிறாள். பூனை இருளில்தான் இருக்கிறது.

வாடைக்காலத்துக்கே உரிய பாட்டான நெடுநல்வாடையில் நக்கீரர் குளிரின் கொடுமையை முதலில் விலங்குகளின் உடம்பில்தான் காட்டுகிறார். மேய்தலை மறந்த விலங்குகள், குன்றிப்போன மந்தி, மரத்திலிருந்து விழும் பறவைகள், பால் குடிக்க வந்த கன்றை உதைத்துத் தள்ளும் பசு. அரண்மனைக்குள் அரசி துயருறுவதைச் சொல்லவந்த புலவர், கொட்டிலில் பசு உதைப்பதைக் கவனித்திருக்கிறார். குளிர் யாருக்கு என்று பார்க்கும் பார்வை நமக்குப் புதிதாக வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

*

பேகனை நினைக்காமல் இருக்க முடியுமா? மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல். பள்ளிப் பாடத்தில் படித்தபோது நம்மில் பலர் சிரித்திருப்போம். புறநானூற்றில் பரணர் இதனை மிக நுட்பமாகச் சொல்கிறார்: மயில் அதனை உடுக்காது, போர்த்திக்கொள்ளாது என்று அறிந்தும் கொடுத்தான் என்கிறார். அடுத்த பாட்டிலேயே அவனைக் கொடைமடம் படுபவன் என்கிறார். கொடுப்பதில் அறியாமை, போரில் அவ்வறியாமை இல்லை. புகழ்ச்சிதான். ஆயினும் 'மடம்' என்ற சொல்லைப் பரணர் தற்செயலாகப் போட்டிருக்க மாட்டார்.

இன்று இணையத்தில் பூனைக்குக் கம்பளிச் சட்டை விற்கிறார்கள். தொப்பியும் உண்டு. பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் வாங்கி வருகிறார்கள். பூனைக்கு மாட்டிப் படம் எடுக்கிறார்கள். அது பேகனின் கொடைமடம் கூட அல்ல. பேகன் மயிலுக்குச் சட்டை மாட்டவில்லை, போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனான். சட்டை அணிந்த பூனை தன் மயிரை நக்கித் திருத்திக்கொள்ள முடியாது. மயிர்களுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து வைப்பதே பூனையின் கம்பளி. அதனை அமுக்கிவிடுகிறது சட்டை. சன்னல் கம்பியிலோ முள்வேலியிலோ மாட்டினால் கழுத்து நெரியும். நோயினாலோ அறுவையினாலோ மயிர் இழந்த பூனை விதிவிலக்கு. மற்றபடி, பூனைக்கு வேண்டியது உடையன்று, இடம்.

அந்த இடத்தைச் செய்ய ஒரு காசும் செலவில்லை என்பதுதான் செங்கத்துக்காரர்களின் பேறு. ஓர் அட்டைப்பெட்டி, பூனை சுருண்டால் நிறையும் அளவுக்கு. பெரிய பெட்டி கூடாது. பூனையின் உடற்சூடு பெரிய பெட்டியைச் சூடாக்கப் போதாது. ஒரு சாண் வட்டத்தில் வாய். மீன்கடையில் பனிக்கட்டி போட்டு வரும் தெர்மோகோல் பெட்டி கிடைத்தால் அட்டையைவிட அது மேல். கழுவிக் காயவைத்துக் கொள்ள வேண்டும். தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் வைக்க வேண்டும், குளிர் கீழிருந்துதான் ஏறுகிறது. உள்ளே வைக்கோல். பழைய புடவையையும் துண்டையும்தான் எல்லோரும் போடுகிறார்கள். வீட்டுக்குள் என்றால் அது சரி. திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ வைக்கும் பெட்டியில் துணி பனியின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விடிகாலையில் பூனை ஈரத்துணியில் கிடக்கும். வைக்கோல் ஈரத்தை அவ்வளவாக வாங்காது, தாள்களுக்கிடையில் சூட்டைப் பிடித்துவைக்கும். வெளிநாட்டு விலங்கு நல அமைப்புகள் தெருப் பூனைகளுக்கு இதே வைக்கோலைத்தான் பரிந்துரைக்கின்றன. நெல் விளையும் ஊரில் நாம் அதனைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது! வாரத்துக்கொரு முறை மாற்றிவிட்டால் உண்ணியும் சேராது. வாடை என்பது வடக்கிலிருந்து வரும் காற்று. பெட்டியின் வாய் தெற்குப் பார்த்து இருக்கட்டும்.

கோழிக்குஞ்சுக்கு விளக்கு மாட்டும் வழக்கத்தால் சிலர் பூனைப் பெட்டியிலும் விளக்கு மாட்டுகிறார்கள். இப்போது வீடுகளில் இருப்பவை எல்.இ.டி. விளக்குகள், அவற்றால் ஒளி உண்டு, சொல்லத்தக்க சூடு இல்லை. பழைய இழை விளக்கோ வைக்கோலில் பட்டால் தீப்பிடிக்கும். இரண்டும் வேண்டா. குட்டிகள் இருந்தால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிய புட்டியைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்து, குட்டி விலகிப் போகவும் இடம் விட்டால் போதும். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டி வைப்பது பூனைக்கும் எமன், நமக்கும் எமன்.

குட்டிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் இழப்பு அங்கேதான். பிறந்த பூனைக்குட்டிக்குத் தன் வெப்பத்தைத் தானே காக்கும் திறன் இல்லை. முதல் வாரத்தில் நடுங்கிச் சூடுண்டாக்கவும் அதற்குத் தெரியாது. தாயின் வயிறே அதற்கு வெயில். தாய் இரை தேடப் போன இடைவெளியில் குட்டி தளத்தில் உருண்டு விலகினால் சில மணி நேரத்தில் சில்லிட்டுவிடும். கண்டெடுப்பவர்கள் உடனே செய்வது பால் புகட்டுவது. அதுதான் கொல்கிறது. குளிர்ந்த குட்டியின் குடல் இயங்காது. புகட்டிய பால் உள்ளே கெடும், அல்லது நுரையீரலுக்குப் போகும். முதலில் சூடு; மெல்ல மெல்ல, மார்போடு அணைத்தோ துணிப் பொதியிலோ. குட்டியின் உடம்பு வெதுவெதுப்பான பிறகுதான் உணவு, அதுவும் மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்காமல் குப்புறக் கிடத்தி. இந்த ஒன்றை மட்டும் பத்துப் பேர் நினைவில் வைத்திருந்தால் இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும். தாய் உயிரோடிருந்தால் அது திரும்பி வரக் காத்திருப்பதே எல்லாவற்றினும் மேல். குட்டிகளைப் பூனை ஏழு வீடு மாற்றும் என்று நம் பாட்டிமார் சொல்வது ஊர் சுற்றும் புத்தியால் அன்று. காய்ந்த, காற்றடிக்காத, நாய் எட்டாத இடம் கிடைக்கும்வரை தேடுகிறது.

*

உணவுக்கு வருவோம். இங்கே இலக்கியத்தின் மீதே எங்களுக்கு வழக்கு உண்டு. பூனை என்றால் பால் என்று நம் மனத்தில் பதித்துவிட்டார்கள். கம்பன் தன் அவையடக்கத்திலேயே, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். உவமை என்ற அளவில் அதற்கு நிகரில்லை. உடலியல் என்ற அளவில் அந்தப் பூனைக்கு வயிற்றுப்போக்குக் கண்டிருக்கும். பால்குடி மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றால் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க முடிவதில்லை. குளிர் நாளில் வயிறு போனால் நீரும் சூடும் சேர்ந்தே போகும். தெனாலிராமன் கதையில் கொதிக்கும் பாலில் வாய் வைத்துச் சுட்டுக்கொண்ட பூனை பிறகு பாலையே தொடாமல் மெலிந்துபோனதாகச் சொல்வார்கள். பாலை விட்டதனால் அது மெலிந்திராது. வேறொன்றும் போடாததனால் மெலிந்திருக்கும்.

தயிர்ச்சோறு இட்டே பூனை வளர்க்கும் வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூனை புலாலை மட்டுமே நம்பிய உயிர். நாயைப் போலச் சமாளித்துக்கொள்ளாது. டாரின் என்னும் பொருளைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானே ஆக்கிக்கொள்வதில்லை. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1970களில் தெரியவந்தது. இதயத் தசை தளர்ந்து பூனை சாகும் என்பதை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினார்கள். வீட்டில் புலால் சமைக்காதவர்களின் கொள்கையை மதிக்கிறோம். அவர்கள் முயல் வளர்க்கலாம், கிளியை வளர்க்காமல் மரத்தில் பார்க்கலாம், பசு வளர்க்கலாம். பூனை வளர்த்தால், பூனைக்கு முட்டையாவது மீனாவது கிடைக்க வழி செய்வதே அறம். 'அதுதான் எலி பிடிக்கிறதே' என்பது விடையாகாது. குளிர்காலத்தில் உடம்பைச் சூடாக வைக்கக் கூடுதல் உணவு தேவைப்படும். வேட்டையின் பலனோ நிச்சயமில்லாதது.

கருவாட்டுத் தலை செங்கத்துச் சந்தையில் மலிவு, ஆனால் உப்பு. வேகவைத்துக் கொதிநீரைக் கொட்டிவிட்டுப் போடலாம். குளிரில் பூனை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். வறள்நில முன்னோரின் பழக்கத்தால் அதற்குத் தாகம் எப்போதுமே குறைவு. உலர்தீவனம் மட்டும் தின்று நீர் குறைந்த ஆண்பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்வது அடிக்கடி நேர்வது. மணலைப் பறித்துப் பறித்து உட்கார்ந்து, முனகி, ஒன்றும் போகாமல் எழுந்தால் அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டிக் காத்திருப்பவர்கள் உண்டு. இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய நோய் அது. சோற்றில் வெதுவெதுப்பான மீன்சாறு கலந்து கொடுப்பது தடுப்பு மருந்தாகவே ஆகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து நம் அன்பில் இருக்கிறது. பூனை தும்முகிறது, மூக்கொழுகுகிறது, கண்ணில் பீளை. குளிர்காலத்தில் இது பரவலாக வரும் நச்சுயிரி நோய். நமக்குச் சளி பிடித்தால் என்ன செய்வோமோ அதனைப் பூனைக்கும் செய்கிறோம். நெற்றியில் தைலம், அறையில் கற்பூரம், பாதி பாரசிட்டமால் மாத்திரை. பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. இரத்தம் பழுப்பேறி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் சாகும். நீலகிரித் தைலமும் கற்பூரமும் மயிரில் பட்டால் நக்கியே தீரும்; நஞ்சு உள்ளே போகும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு அது ஆலகாலம். மூக்கை வெந்நீர்த் துணியால் துடைத்து, சூடான இடத்தில் வைத்து, மணமுள்ள உணவைச் சற்றே சூடாக்கிக் கொடுப்பது வீட்டில் நாம் செய்யக்கூடியது. மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாது. மணம் தெரியாவிட்டால் உண்ணாது. மற்றவை மருத்துவர் பொறுப்பு.

மருத்துவர் எங்கே என்பது நியாயமான கேள்வி. சென்னை வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1989இல் தனிப் பல்கலைக்கழகமே எழுந்தது. சிற்றூர்க் கால்நடை மருந்தகங்கள் பசுவுக்கும் ஆட்டுக்கும் என்று அமைந்தவை. அங்கே பூனையைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கொண்டுபோகிறவர்கள் பெருகினால்தான் பூனைக்கான தடுப்பூசியும் அங்கே வரும். அரசின் கண்ணுக்கு இன்னும் பூனை படவில்லை என்பதற்குச் சான்று வேண்டுமானால் கால்நடைக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கணக்கெடுப்பில் மாடு, எருமை, ஆடு, பன்றி, கழுதை, ஒட்டகம் மட்டுமல்ல, நாயும் முயலும் யானையும் கூட உண்டு. பூனை இல்லை. நடுகல்லில் இல்லாதது கணக்கேட்டிலும் இல்லை. சட்டத்தில் மட்டும் இருக்கிறது, ஒருவகையில். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் முறைக்குத் தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. சாக்கில் கட்டிச் சேயாற்றுப் பாலத்தருகே குட்டிகளை விட்டு வருபவருக்கு அதைவிட மிகுதியாகப் பேருந்துக்கட்டணம் ஆகும்.

மனிதர்களே மழைக்கும் பனிக்கும் ஒதுங்க இடமின்றி இருக்கும் நாட்டில் பூனைக்குப் பெட்டி கட்டச் சொல்வது கொழுப்பல்லவா என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த மனிதர்களுக்கும் போர்வை கொடுத்தவர்கள் அல்லர். அது போகட்டும். வைக்கோலும் அட்டைப்பெட்டியும் எந்த ஏழையின் பங்கையும் எடுத்துக்கொள்ளவில்லை. வலுவுள்ள மறுப்பு வேறொன்று இருக்கிறது: சவ்வாது மலைச் சரிவில் பறவைகளும் ஓணானும் அணிலும் வாழ்கின்றன, பூனைகளைப் பேணிப் பெருக்கினால் அவற்றுக்குக் கேடு. இதனை நாங்கள் ஏற்கிறோம். அதனால்தான் பெட்டி வீட்டுக்குள் இருப்பது நல்லது என்கிறோம். இரவில் வயிறு நிறைந்து உள்ளே உறங்கும் பூனை வேட்டைக்குப் போவது குறையும், காட்டுப்பூனையோடு கலந்து நோய் கொடுப்பதும் வாங்குவதும் குறையும். பெட்டியோடு சேர்த்துக் கருத்தடையையும் சொல்ல வேண்டும். ஐந்து மாதப் பெண்பூனை சினையாகக்கூடும்; 63 நாள் கழித்து நான்கைந்து குட்டி. கருத்தடை செய்யாமல் பாசம் மட்டும் காட்டுவது அடுத்த மார்கழிக்குப் பிணங்களை வளர்ப்பதுதான்.

இனி நடைமுறை. வெளியில் வெந்நீர் அடுப்பு வைத்திருக்கும் வீடுகள் செங்கம் பக்கத்தில் இன்னும் பல. உள்ளடுப்பை இழந்த பூனைகள் இப்போது அங்கேதான் போய்ப் படுக்கின்றன. விடியற்காலை இருட்டில் சுள்ளியைத் திணித்துத் தீ வைப்பதற்கு முன் ஒரு கணம் குனிந்து பார்க்க வேண்டும். கார், டிராக்டர், சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் காலையில் எடுக்கும்முன் முன்மூடியை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். ஓடி நின்ற என்ஜினின் சூடு பழைய அடுப்பின் சூட்டைப் போலவே பூனையை அழைக்கும். பிறகு போகி. முதல்நாள் மாலையே பழம்பாய், கிழிந்த கோணி, முறம், துடைப்பம் என்று வாசலில் குவித்து வைத்துவிடுகிறோம். பனி கொட்டும் இரவில் தெருவிலேயே கதகதப்பான இடம் அந்தக் குவியல்தான். ஈன்ற பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு வந்து அதற்குள் வைக்கும். விடிகாலை நான்கு மணிக்குப் பிள்ளைகள் மேளத்தோடு வந்து நிற்பார்கள். தீக்குச்சி கிழிக்கும் முன்பு, குவியலை ஒருமுறை பிரித்துப் போட்டு மீண்டும் குவிக்கச் சொல்லுங்கள்.